ஈயம் கடிபடாத காட்டுக்கோழி

என்னோடு வேட்டைக்கு வரும் பெரியவர், துரைமார் காலத்தில் ஜெகதளா எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். காட்டுக்கோழி எழும்பிப் பறந்த பிறகும் மீசையைத் தடவிவிட்டுத்தான் சுடுவார். அவரிடமும் என்னிடமும் இருந்தது ஒரே குழல் அளவுள்ள, 'பன்னிரண்டு போர்' வேட்டைத் துப்பாக்கிதான். அவர் கொடுத்தனுப்பும் காட்டுக்கோழியில் இரண்டு ஈயக்குண்டு இருக்கும். நான் சுட்டதில் பதினேழு எண்ணினேன்.

"ஏனுங்க, உங்க கோழியத் தின்னா பல்லுப் போயிருமுங்க" என்றாள் மனைவி.

பொறுக்காமல் அவரிடமே கேட்டேன்.

"சோலைக்குள்ள கோழி கிட்டத்துல எந்திரிக்குமுங்க. உங்க துப்பாக்கிக்குக் குழல்வாய் குறுகல். தோட்டாவுல இருக்குற சின்னக் குண்டெல்லாம் பரவாம ஒரே இடத்துல அடிக்குது. வாய் அகலமானதா வாங்கி, ஆறாம் நம்பர் அளவுக் குண்டு போடுங்க" என்றார், எதையும் ஒளிக்காமல்.

அப்படியே வாங்கிச் சுட்டேன். கோழியில் இரண்டே குண்டு. மனைவி ருசித்துச் சாப்பிட்டாள்.

"டீமேக்கர் குடுத்தனுப்புனாருங்களா?"

அந்த மீசையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.