மண்ணுக்குள் நின்றுவிட்ட அடி

என் நாத்தனாருக்குத் தெருவில் வைத்த பெயர் சந்தேகம். சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். மழை விட்டால் போதும், கடைக்குப் பின்னால் மரத்தடியில் காளான் தேடுவாள். கொண்டுவந்து தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முக்கால்வாசியைக் குப்பையில் கொட்டுவாள்.

"அப்புறம் எதுக்குடி இடுப்பொடியப் பறிச்சே?" என்றால், "பார்க்கத்தான் அண்ணி" என்பாள். என்ன பெண்ணோ!

அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கீரை வியாபாரி. தங்கைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாதா என்று ஒரு நாள் தானே போனார். கீரை அறுக்கிற கத்தியால் தரையோடு தரையாக அறுத்து, மண் ஒட்டாமல், வெள்ளை வெளேரென்று கொண்டுவந்தார். எனக்கு அந்த வாசனையே ஆகாது. அவரே சமைத்து, மத்தியானம் அவரே வழித்துச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது சந்தேகம் வந்தாள். கூடையில் மிஞ்சிய ஒன்றைத் திருப்பினாள்.

"அண்ணே, இதோட அடி எங்கே?"

"மண்ணை யாரு தின்பா? வெள்ளிக் கரண்டி போட்டுத்தான் வேகவெச்சேன். விஷம்னா கறுத்திருக்கும், கறுக்கவே இல்லை."

"கரண்டிக்கு என்ன தெரியும்? எங்கே அறுத்தே?"

"உன் கடைக்குப் பின்னாலதான், வேலியோரம்."

ஓடினாள். மண்ணில் நின்றுவிட்ட அடித்தண்டைத் தோண்டிக் காகிதத்தில் பொதிந்து வந்தாள். உடைந்த முட்டை ஓடு போல அதன் அடியில் ஒரு கிண்ணம்.

"அடியில கிண்ணம் இருந்தா விஷக்காளான் அண்ணே. கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கென்ன கேடு? ஏப்பம்கூட நல்லாத்தான் வருது!"

"இது உடனே காட்டாது அண்ணே. காட்டுறப்போ ஈரல் போயிருக்கும்."

நான் யார் பக்கம் நிற்பது? சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கட்டிலில் படுக்கவைத்து மருந்து ஏற்றினார். பொழுது சாய்ந்ததும் வாந்தி தொடங்கியது. திட்டிய வாய் அடங்கி, தங்கையின் கையை விடவே இல்லை மனிதர்.

"எல்லாரும் வாந்தி எடுத்த பிறகுதான் வருவாங்க, நீங்க முன்னாடியே வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் பிழைத்து வீடு வந்தார்; இளைத்துத்தான் வந்தார்.

இப்போதும் மழை விட்டால் காளான் பறிக்கப் போகிறார். சொன்னால் கேட்கிற ஆளா? ஆனால் மண்ணோடு, அடியோடு பெயர்த்து வந்து தங்கை முன்னால் கொட்டுகிறார். அவள் பார்த்துவிட்டுத் தள்ளுகிறாள். தள்ளியதை அவரே துடைப்பம் எடுத்துக் கூட்டி அள்ளுகிறார். எதுக்குப் பறிச்சீங்க என்று நானும் இப்போது கேட்பதில்லை.