மெஷினைத் தர மறுத்தவர்

ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே இரும்பு வேலை பழகலாமென்று, முதலாவது மிக் வெல்டிங் மெஷின் வாங்க, எத்தாளையிலிருந்து புத்தளத்துக் கடையொன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒல்லியானவர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் ‘நானா’. அந்த வெக்கையிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். மெஷின் வாங்க வருகிற எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“தம்பி, முதல்ல என்னத்தை ஒட்டப் போறீங்க?”

“மச்சான்ட போட் டாங்கி, நானா. ஒழுகுது. பெட்ரோலை வெளிய ஊத்திட்டம். வெறுமையாத்தான் கிடக்கு.”

மேசையில் இருந்த மெஷினை அவர் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வெறும் டாங்கிதான் மோசம். உள்ளுக்கு பெட்ரோல் ஆவி நிக்கும். ஒரு பொறி போதும், அல்லாஹ் காப்பாத்தணும். வீட்டுல புள்ளைகள் இருக்கா?”

“ரெண்டு பேர்.”

“அந்த டாங்கியை இங்க கொண்டு வந்து தாங்க. பிறகு மெஷின் தாறன்.”

நான் ஒட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பிள்ளைகள் காலையிலேயே கதிரை போட்டு வைத்திருந்தார்கள்.

பின்னேரம் தாங்கியைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் அதைத் தொடவில்லை. கடைக்கு வெளியே, தூரத்து நிழலில் வைக்கச் சொன்னார்.

“எத்தாளைக் காத்துக்கு, ஒட்டுற இடத்தை மூடுற காஸ் நிக்காது” என்று, காஸ் தேவையில்லாத சின்ன மெஷினொன்றைத் தந்தார். அதைத் தரும்போதும் அவர் கண் தாங்கியை விட்டு அகலவில்லை.

அவருக்கு வேண்டிய யாருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.