முதல் கல்லை எறிந்தது யார்

என் அக்காவுக்கு வீட்டில் பெயர் பஞ்சாயத்து. யார் எங்கே சண்டை போட்டாலும் மூக்கை நுழைப்பாள். அந்தக் கெட்ட பழக்கத்தையே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாக்கிக்கொண்டாள்: தேர்தல் முடிந்ததும் எங்கள் ஊர் ஆற்றின் இரு கரைக் கட்சிக்காரர்களும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள், அது எப்படி ஓயும்?

முதல் கல் எதிர்க்கரையிலிருந்துதான் வந்தது என்று ஒவ்வொரு கரையும் தனியாகக் கதை சொல்லிக்கொள்வதால் பகை வளர்கிறது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே கதையைத் திருத்தினால் தணியும். இதுதான் அவள் வாதம். "நடக்கிற காரியமா? ஆதாரம் எங்கே?" என்று வெளியூர்த் தேர்வாளர் ஆய்வேட்டை ஒருமுறை திருப்பிவிட்டார். மறுபடி திருப்பினால் பட்டம் போச்சு. அக்கா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கலவர அத்தியாயத்தைச் சரிபார்க்கச் சொல்லி இரு கரைத் தலைவர்களுக்கும் அனுப்பியிருந்தாள். பதிலே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் என்பதால், இருவரும் நேரிலேயே வந்துவிட்டார்கள், சண்டை பிடிக்க. ஒருவர் மீசை. இன்னொருவர் இடி; குரல் அப்படி. கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது. நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அக்கா பேசத் தொடங்கினாள். கண்ணாடியை மறந்து வந்த இடி, "என்னதான் எழுதியிருக்கா, படிய்யா" என்று உறுமினார். அக்கா அனுப்பிய அத்தியாயத்தை மடியில் விரித்து மீசை படித்தார். கொஞ்ச நேரத்தில் நடுவில் இருந்த இடத்தைக் காணோம். ஒரு பேனா வெளியே வந்தது.

"பின்னாடி என்ன பேச்சு?" என்றார் தேர்வாளர்.

இடி எழுந்தார். "ஐயா, முதல் கல் யாரோடதுன்னு தெரியலைன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்கு. எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு கரையிலயிருந்தும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

"ஆமா," என்றார் மீசை. "திருத்தி வெச்சிருக்கோம்."

அக்கா அவர்களைக் கைகாட்டினாள். "ஐயா, இவங்கதான் அந்த ரெண்டு தலைவர்கள்."

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க பேசிக்குவீங்களா?"

"இவன்கூடவா? கலவரத்துக்கு அப்புறம் இவன் மூஞ்சியிலேயே முழிச்சதில்ல," என்றார் இடி.

"இவ்வளவு நேரம் பேசினீங்களே?"

"எங்க பேசினோம்? தப்பைத் திருத்திக்கிட்டிருந்தோம்," என்றார் மீசை.

அறையே வெடித்துச் சிரித்தது. உதட்டைக் கடித்துப் பார்த்த தேர்வாளருக்கும் முடியவில்லை. "ஆதாரம் கேட்டா ஆளையே கொண்டுவந்துட்டீங்களேம்மா!" என்று எழுந்து கைகொடுத்தார். என் அக்கா முனைவர்! இடம் பொருள் பார்க்காமல் விசிலடித்தேன்.

வெளியே அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். இடி நேராக அவளிடம் வந்தார்.

"அடுத்த அத்தியாயத்தையும் குடும்மா. அதுலயும் தப்பு இருக்கும்."

"ஒரு காப்பி போதும்," என்றார் பின்னாலேயே வந்த மீசை. "எப்படியும் நான்தானே படிக்கணும்."