சிரிப்பு வராத ஓர் ஐயோ

ஒரு சினிமாவில் ஏணியிலிருந்து வழுக்கி, படிக்கு ஒன்றாக மூன்று முறை "ஐயோ" சொன்னதுதான் அவர் நடிப்பில் ஊருக்கு நினைவிருக்கும் ஒரே விஷயம். முதல் ஐயோ ஆச்சரியம், இரண்டாவது சந்தேகம், மூன்றாவது சரணாகதி. அதற்குப் பிறகு நீதிபதியாக நடித்தார், கொலைகாரனாக நடித்தார். திரையில் அவர் தலை தெரிந்ததும் அரங்கமே ஐயோ என்றது. பெயர் மறைந்து ஐயோ அண்ணன் ஆனார். மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால்கூட, "ஒரு தடவை சொல்லிட்டுப் போங்கண்ணே" என்பார்கள். சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொள்வார்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, பேருந்து ஓட்டுநரான அவருடைய அண்ணன் இறந்த அன்று, ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அதே சொல் அவரிடமிருந்து வந்தது. அழுகையாகத்தான் வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றோடு அந்தச் சொல்லை விட்டார். கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, அண்ணனுக்கு இருந்த பைத்தியம். வலிக்கு மெருகு பூசாமல், தொண்டை உடைந்தால் உடையட்டும் என்று பாடுகிற பாட்டுகள். அண்ணன் அவற்றை ஓட்டுநர் இருக்கையிலேயே கேட்பார். அந்தப் பாணியில் தமிழில் ஆறு பாட்டைத் தானே பாடி, அண்ணன் நினைவாக ஓர் ஆல்பம் போட முடிவுசெய்தார். ஐந்து முடிந்துவிட்டன. ஆறாவது பாட்டின் நடுவே வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், தனியாக ஓர் "ஐயோ" வரும். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கத்தான் ஆல்பமே என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒலிப்பதிவின் கடைசி நாள் மதியம். முதல் தடவை அந்த இடம் வந்தபோது டிரம்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது தடவை அவர் கையிலிருந்து குச்சி விழுந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஏணி ஞாபகம் வந்துடுது."

"நான் ஏணியைக் கொண்டு வரலப்பா. நீதான் தூக்கிட்டு வர்றே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் அம்மாள் கேட்டார்: "சார், வேற வார்த்தை போட்டுப் பாப்பமா? 'அந்தோ'?"

"எங்கண்ணன் செத்ததுக்கு நான் ராஜா வேஷம் கட்டணுமாம்மா?"

"அப்ப 'அம்மாடி'?"

"மூட்டை இறக்கி வைக்கிற மாதிரி இருக்கு."

டிரம்ஸ்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் பாடினார். இப்போது உள்ளே சிரிக்க ஆளில்லை. ஆனால் யாராவது சிரிப்பார்களா என்று அவரே காவல் நின்றார். காவலையும் அழுகையையும் ஒரே தொண்டை எப்படிச் செய்யும்? ஏழாவது தடவையோடு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் சோபாவில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கென்று அவர்தான் அழைத்திருந்தார்.

"எதுக்குத் தம்பி அந்தச் சொல்லோட மல்லுக்கட்டுறீங்க? விட்டுடுங்களேன்."

அவர் முதல் முறையாக ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். "அன்னைக்குச் சிரிச்ச நாய் யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

அண்ணி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"நான்தான்."

அவர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார்.

"வேணும்னு சிரிக்கல தம்பி. ரெண்டு நாளாத் தூக்கமில்ல. நீங்க அப்படிச் சொன்னதும், அவரு அந்த ஏணி சீனைப் போட்டுப் போட்டுச் சிரிப்பாரே, அது கண்ணு முன்னால வந்துடுச்சு. வாய் தானா..."

"நாலு வருஷமா ஏன் சொல்லல அண்ணி?"

"நீங்க திரும்பியே பாக்கல. காதுல விழலன்னு நினைச்சேன்."

முகம் தெரியாத ஒருவன் மேல் பத்திரமாக வளர்த்த கோபம் அது. இப்போது முகம் கிடைத்துவிட்டது. திட்டவே முடியாத முகம்.

ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவைதான் சார் முடியும். அடுத்தவங்க வந்து வெளில நிக்கிறாங்க."

அவர் உள்ளே போய்ப் பாடினார். அந்த இடம் வந்தது. வாயைத் திறந்ததும் அடிவயிற்றிலிருந்து எழுந்த சத்தம் கண்ணாடியை அதிரவைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இதான் சார்! உயிரே வந்துடுச்சு."

"இது துக்கம் இல்லம்மா. கோபம். இன்னொரு தடவை போடுங்க."

"கேக்கிறவங்களுக்கு அது எப்படி சார் தெரியும்?"

கதவு திறந்தது. அடுத்த குழு வயலின் பெட்டிகளோடு உள்ளே வந்தது. அண்ணனுக்காக ஒதுக்கிய இடத்தில் அண்ணி மேலிருந்த கோபம் ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி ஆல்பம் உள்ளவரை அது அங்கேயே இருக்கும்.

வாசலில் செருப்பை மாட்டியபடி அண்ணி சொன்னாள்: "நல்லா இருந்துச்சு தம்பி. அவரை நினைச்சுத்தான் பாடினீங்கன்னு கேட்டாலே தெரியுது."

அவர், "ம்" என்றார்.