மருமகளுக்கு வந்த கொப்புளம்

நான் அஞ்சாப்போட படிப்பு நின்னவ. எழுத்து கோணலாத்தான் வரும், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துப் படிங்க. மறக்காம இருக்கிறது எங்க மதினி வீட்டு வாசல் நிலையில செருகியிருந்த வேப்பங்கொத்து.

மதினி வீடு கம்பத்துல எனக்கு அடுத்த வீடு. அவுக மருமக திராட்சைத் தோட்டத்துல பழம் வெட்டப் போறவ. மார்புல புத்துநோய்னு தேனி ஆசுபத்திரியில சொன்னதும், கூட வேலை பாத்தவுகளே அந்த வாசலைச் சுத்திக்கிட்டுப் போனாக. ஒட்டிக்கிடும்னு பயம். கீமோ ஊசி போட்டு வந்து தனியாக் கிடப்பா. முடி கொட்டினதைவிட, பேச ஆளில்லாததுதான் அவளுக்குப் பெரிசு.

ஒருதரம் ஊசி போட்டு வந்த பிறகு முகம், கழுத்து, நெஞ்செல்லாம் செவசெவன்னு கொப்புளம் கிளம்பிருச்சு. மதினி கன்னத்துல போட்டுக்கிட்டாக. "ஆத்தா வந்துட்டா." நிலையில வேப்பிலை ஏறுச்சு, அடுப்புல தாளிப்பு நின்னுச்சு, மாத்திரைப் பை பரணுக்குப் போச்சு. நோயைப் பாக்க வராதவுக, ஆத்தாளைப் பாக்க இளநியும் மோருமா வந்து நின்னாக.

நான் விசிறிக்கிட்டு இருந்தப்ப மருமக மெதுவாச் சொன்னா. "சின்னத்தே, இது மருந்து பண்ற வேலை. வரும்னு நர்சம்மா முன்னாடியே சொன்னாக."

"ஒம் மாமியாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா இவுகல்லாம் போயிருவாகளே."



ஆனா மறுநாளே அடுத்த ஊசி. தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருந்தாக. தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆத்தா வாசப்படி தாண்டக் கூடாதுன்னு மதினிக்கு ஒரே பிடி. விடிஞ்சதும் மருமக எந்திரிச்சு, சேலை மாத்தி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வந்தா. மதினி கையை நீட்டி மறிச்சாக.

"அத்தே, ஆத்தாளை விட்டுட்டா போறேன்? அவளும் எங்கூட பஸ்ல வரட்டும். ஊசியப் போட்டுட்டு இங்கனயே கூட்டியாந்துர்றேன்."

வாசல்ல யாரோ சிரிச்சாக. மதினி சிரிக்கலை. பிறகு கையை இறக்கி, "வெயில் படாம முக்காடு போடு"ன்னு சொல்லிட்டு, தன் செருப்பைத் தேடினாக. நானும் போனேன். பஸ்ல ஒருத்தரையும் மருமக மேல உரச விடலை மதினி.

மருந்தால வந்ததுதான், ஊசியை நிறுத்த வேண்டாம்னு டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தாக. நர்சம்மா ஊசியோட வந்ததும் மதினி கும்பிட்டாக. "பாத்துப் போடுத்தா. ரெண்டு பேருக்கு வலிக்கும்."

விசயம் தெரிஞ்சதும் இளநிக் கூட்டம் கலைஞ்சிருச்சு. தோட்டத்துல கூட வெட்டுற ரெண்டு பொம்பளைக மட்டும் வந்தாக. அவுக வாசல்ல நிக்காம, உள்ள வந்து கட்டில்லயே உக்காந்தாக.

இப்ப மருமக மறுபடி தோட்டத்துக்குப் போறா. மருந்துக் கொப்புளம்னு அவ சொல்றா. ரெண்டும் சேந்தே வந்துச்சுன்னு மதினி சொல்றாக. மருந்து விசயத்துல நான் எதுவும் பிசகா எழுதியிருந்தா, தெரிஞ்ச டாக்டர் யாராச்சும் பாத்துத் திருத்துங்க. ஆத்தா விசயத்தை மதினிகிட்டத்தான் கேக்கணும்.