கொம்பேறிமூக்கனுக்குக் காட்டிய புகை

எனக்கு எண்பத்துமூன்று வயசு. ஆறு பெற்றேன், கொழுந்தன் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். என் கையெழுத்து ரேஷன் கடைக்கும் பாங்கிக்கும் காணும், அதற்குமேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இவளால்தான் இந்தப் பேச்சே வந்தது. நேற்று செல்போனில் ஒரு படம் காட்டினாள். பாம்பு கூட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு குஞ்சாக விழுங்குகிறது. தாய்க்குருவி சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. படம் எடுத்தவன் கை கொஞ்சங்கூட நடுங்கவில்லை. “அது இயற்கை ஆச்சி, நாம தலையிடக் கூடாது” என்று எனக்கே பாடம் சொல்கிறாள். ஏன், ஒரு கம்பு கிடைக்கவில்லையா அவனுக்கு? எரிச்சலில் காப்பியை ஆறவிட்டுவிட்டேன். ஆனால் தலையிட்டவர்கள் லட்சணத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அது இதைவிட எரிச்சல்.

நான் வாழ வந்த வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், வயலை ஒட்டி இருந்தது. அறுபதோ அறுபத்தொன்றோ இருக்கும். என் வீட்டுக்காரருக்கு எலுமிச்சம்பழக் கமிஷன் கடையில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்கன்று கொண்டுவந்து புறவாசலில் வைத்திருந்தார். நான் போனபோது தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. இலையைக் கசக்கினால் கை நாள் முழுக்க மணக்கும். பழம் மட்டும் சுண்டைக்காய் அளவு. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அந்த மரத்தில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அந்த வீட்டில் பசு, பாத்திரம், அடுக்களைச் சாவி எல்லாம் மாமியாருடையவை. இந்தக் குஞ்சுகளை மட்டும் முதலில் பார்த்தவள் நான். மூன்றும் பறப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மரமெல்லாம் முள், எந்தப் பாம்பு ஏறப்போகிறது என்று தைரியமாகவும் இருந்தேன்.

சாரல் பிடித்த ஒரு காலையில் தாய்க்குருவி போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், கயிறு போல மெலிந்து, முதுகில் செம்பு நிறத்தோடு ஒன்று கிளையில் கிடக்கிறது. முள் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் கத்தினேன். வீட்டுக்காரர் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்து குத்தினார். அது தொரட்டி வழியாகவே சரசரவென்று இறங்கி, அவர் விரலில் ஒரு கொத்து கொத்திவிட்டு, பக்கத்து முருங்கைக்குத் தாவி மறைந்துவிட்டது.

“கொம்பேறிமூக்கன்லா!” என்று மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொம்பேறிமூக்கன் கடித்தால், நேரே சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, கடிபட்டவனுக்குக் கொள்ளி வைத்த புகையைக் கண்ட பிறகுதான் இறங்கும் என்று ஊரில் நம்பிக்கை. இவர் கையைக் கழுவிவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தார். மூன்றாவது தோசையும் கேட்டார். யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

குத்துக்கல்வலசையிலிருந்து மாமனாரின் அண்ணன் வந்தார். பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடிவாயைப் பார்த்தார். “விஷம் அது பல்லுல இல்லம்மா, அது கோவத்துல இருக்கு. புகையக் காட்டிருவோம். செத்துட்டான்னு நெனச்சுப் போயிரும்” என்றார்.

வைக்கோலில் பொம்மை கட்டினார்கள். அதற்குச் சுற்ற, பெரிய மாமா பெட்டியைத் திறந்து இவருடைய கல்யாண வேட்டியை எடுத்தார்.

“பழசு ஒண்ணு கிடக்கு மாமா” என்றேன்.

“பாம்புக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?”

கல்யாணத்துக்குப் பாம்பு வந்திருந்ததா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனார்கள். சாரலில் வைக்கோல் நனையும் என்று என் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் கூடப் போனது.

நான் கூட்டைப் பார்க்கப் புறவாசலுக்குக் கிளம்பினேன். மாமியார் மறித்தாள்.

“எங்க போற? புருசன் செத்தவ மூலையில கிடக்கணும். வெளிய நின்னா பாம்பு நம்புமாட்டி?”

“அதுதான் சுடுகாட்டுக்குப் போயிட்டுன்னு சொல்லுதீகளே அத்தை?”

“போகாம இங்கனயே இருந்துச்சுன்னா?”

“இங்கன இருந்தா குஞ்சத் திங்குமே!”

“ஒனக்குக் குஞ்சு பெருசா, எம்புள்ள பெருசா?”

அந்தப் பிள்ளை எனக்கு எதிரில் சப்பணம் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். செத்தவர் என்பதால் அவரும் வெளியே வரக்கூடாது. மாமியார் குரலெடுத்து ஒப்பாரி தொடங்கினாள். பக்கத்துத் தறிவீட்டு பீவி அக்கா முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடிவந்தாள்.

“யாருக்கு ஆச்சி மவுத்து?”

“எனக்குத்தான் அக்கா, உக்காருங்க” என்றார் இவர்.

பீவி அக்கா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கிறுக்குப் புடிச்ச வீடாலா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் பேசிய ஒரே நல்ல பேச்சு அதுதான்.

அப்போது புறவாசலில் குருவி கத்தியது. காலையில் கத்தியது போலவே. நான் எழுந்தேன், மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். குருவி கத்தக் கத்த இவளும் அழுகையை ஏற்றினாள். கையை உதறிக்கொண்டு நான் வாசலைத் தாண்டுவதற்குள், செத்தவர் என்னை இடித்துக்கொண்டு ஓடினார்.

கூட்டில் இரண்டு குஞ்சு இல்லை. பாம்பு வயிறு புடைத்து வேலியில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, மரத்தடிச் சேற்றில் வாயைப் பிளந்தபடி கிடந்தது. அவர் அதை உள்ளங்கையில் எடுத்தபோது, சொட்டச் சொட்ட நனைந்து பெரிய மாமா வந்து நின்றார்.

“கெடுத்துட்டியேலே! கொள்ளி வச்சுக் குளிச்ச ஈரங்கூடக் காயல, நீ அது கண்ணு முன்னாலயா வந்து நிப்ப?”

பாம்பு சுடுகாட்டுக்கே போகவில்லை, இங்கேயேதான் இருந்திருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இனி என்ன நடந்தாலும் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

காரியம் கழிகிறவரை பிள்ளை தெருவாசல்படி தாண்டக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டாள். அவர் கடைக்குப் போகவில்லை. குஞ்சைக் கூட்டில் வைத்துவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தொரட்டியும் கையுமாக மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். சோறும் அங்கேதான். தாய்க்குருவி அவர் தலைக்கு மேலேயே வந்து இரை கொடுத்தது. ஒருநாள் “ஏளா, ஓடியா!” என்று கூப்பிட்டார். மாவுக்கையோடு போய் நின்றேன். குஞ்சு முருங்கை வரைக்கும் தடுமாறிப் பறந்து உட்கார்ந்தது. “சுண்டைக்கா காச்சாலும் எம்மரம்லா” என்றார்.

அவரும் இல்லை, மாமியாரும் இல்லை. எலுமிச்சை, முருங்கை, வேலி எல்லாம் போய் அந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். கொம்பேறிமூக்கனை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் இன்றைக்கு யாராவது குரலெடுத்து அழுதால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவர ஒரு ஆள் கிடையாது.

ஏட்டி, எழுதினத முதல்லருந்து வாசி. ஒண்ணு பறந்துட்டுன்னு மட்டும் எழுதி முடிச்சிராத. ரெண்டு போச்சு. நாங்க எல்லாரும் உள்ள உக்காந்து அழுதுக்கிட்டிருந்தப்பதான் போச்சு. அது இருக்கான்னு பாத்து வாசி.