திரை வெள்ளையான அந்த நொடி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். கல்லூரியில் ஒரு படக்காட்சியை அலசிப் பேசச் சொன்னார்கள். வகுப்பின் முன்னால் முதல் தடவை பேசுகிறேன், தப்பே வரக்கூடாது என்றிருந்தேன். நான் எடுத்தது ஓர் உப்பளக் காட்சி. குனிந்தே உப்பு வாரும் பெண் ஒருமுறை நிமிர்கிறாள். உடனே திரை முழுக்க வெள்ளையாகிறது. 'குனிந்த தலை அடிமைத்தனம். அந்த வெள்ளை ஒளிப்பதிவாளரின் பிழை' என்று எழுதினேன்.

பேசுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மதினியிடம் வாசித்துக் காட்டினேன். மதினி ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். போனில் காட்சியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏளா, உப்புல வெயிலடிக்கையில நிமிந்து பாத்திருக்கியா? எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். கண்ணு கூசும்னுதான் குனிஞ்சே நிக்கோம். உங்கண்ணனுக்கே நான் அடங்குனதில்ல, உப்புக்கா அடிமை?"

காட்சியை மறுபடி ஓட்டினேன். அதுவரை தள்ளி நின்ற கேமரா, அவள் நிமிரும் நொடியில் அவள் கண்ணாகிவிடுகிறது. பிழை என்னுடையது. படிக்கிற பிள்ளை என்று என்னை ஒரு நாளும் உப்புப் பாத்தியில் இறங்க விட்டதில்லை.

எழுதியதை அடித்துவிட்டு, மறுநாள் இதையே பேசினேன். "எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார் பேராசிரியர்.

"எங்க மதினி சொன்னாங்க சார்."

படித்த பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் நான் மிகப் பெருமையாகச் சொன்ன பதில் அதுதான்.